ஜாரா சொன்னால் சிரிக்க வேண்டும்

பமாகோ நகரத்தில் தண்டவாளத்தைத் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பினால் ஒரு வேப்பமரம் வரும். அதன் நிழலில், பழைய லாரி டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து ஜெம்பே மேளத்துக்குத் தோல் கட்டிக்கொண்டிருப்பான் மொலோபாலி ஜாரா. ஆளைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டுவிடலாம். கை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வாய் அதுபாட்டுக்கு யாரையாவது இழுத்துக்கொண்டிருக்கும்.

கட்டை குடைவது கொல்லர் குலத்துக் காரியம். மொலோபாலி சண்டைக்குக் குதிரை ஏறிப் போன வம்சமாம், உளியைத் தொட மாட்டானாம். ஜாரா குலத்துக்காரர்களுக்கு இந்தப் பெருமைக்கெல்லாம் ஒன்றும் குறைச்சலில்லை. செகு ஊர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்து, சந்தையில் மூட்டைக்குக் கயிறு கட்டிப் பிழைத்தவன் இவன். அந்தக் கயிற்றுப் பழக்கம்தான் பிறகு மேளத்துக்கு வந்தது. தெற்கே காட்டுச் சீமையிலிருந்து லாரியில் வரும் வெறுங்கட்டைகளை வாங்கி, உள்ளே சுரண்டி, விளிம்பைத் தேய்த்து, இரும்பு வளையம் பூட்டி, ஆட்டுத் தோலைப் போர்த்தி இழுத்துக் கட்டுவான். அவன் கட்டின முடிச்சு தளர்ந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அவன் வாயில் விழாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அதிலும் த்ராவொரே என்று குலப்பெயர் உள்ளவன் எவனாவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் தொலைந்தான். ஜாராவுக்கும் த்ராவொரேவுக்கும் முறை அப்படி. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும். எந்தக் காலத்திலோ பூட்டன்மார் செய்துகொண்ட சத்தியம் அது. ஒருவனை ஒருவன் அடிமை என்று கூப்பிடலாம், காராமணி தின்னி என்று ஏசலாம், சட்டியிலிருக்கிற மீனைக் கேட்காமலே எடுத்துத் தின்னலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. இவன் சொல்வதை அவனும், அவன் சொல்வதை இவனும் மெய்யென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எடுத்துக்கொண்டவன் ஏமாளி. சாவு வீட்டில் ஊரே அழும்போதுகூட, வந்து நின்று நாலு கேலி பேசி வீட்டாரைச் சிரிக்க வைப்பது முறைக்காரன் கடமை.

மொலோபாலிக்கு வாய்த்த த்ராவொரே, ஸான். கல்யாண மேளக்காரன். ஒல்லியான ஆள், விரல்கள் மட்டும் நீளம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பமாகோவின் ஏதாவது ஒரு சந்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஸான் நின்று அடித்துக்கொண்டிருப்பான். நாலு பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட இறங்கும்படி அடிப்பான். அவன் அடித்த ஒவ்வொரு ஜெம்பேயும் மொலோபாலி கட்டினது. அவன் வாங்கின ஒவ்வொரு ஜெம்பேக்கும் வேப்பமரத்தடியில் ஒரு நாடகம் நடந்திருக்கிறது.

ஒரு தடவை விலையைச் சொன்னதும் ஸான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்துவிட்டான். கூட வந்தவன் மேல்துண்டை எடுத்து அவன் முகத்தில் போட்டான். கூடைக்காரிகள் கூடிவிட்டார்கள், ஆளேற்றிப் போகிற சோத்ரமா வேன் ஒன்று நின்றுவிட்டது. போகிற வழியில் இருந்த ஒரு ஹஸ்ரத் வந்து ஓதவே ஆரம்பித்துவிட்டார். மொலோபாலி தலையில் அடித்துக்கொண்டு, "சரிடா, பாதி விலை" என்றதும் பிணம் எழுந்து உட்கார்ந்து, "பாதியில இன்னும் கொஞ்சம்" என்றது. அந்தக் கதையை அந்தத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எல்லாம் சிரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மொலோபாலிக்கும் அவன் மனைவி சனபாவுக்கும் பிறந்தது ஒரே பிள்ளை. பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. மொலோபாலி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். தண்ணீர்கூட இறங்கவில்லை. ஸான் வந்தான். "பிள்ளை கண்ணைத் திறந்து உன் மூக்கைப் பார்த்திருக்கும். இந்த மூக்கோட வாழ்றதுக்கு வந்த வழியே போயிடலாம்னு போயிடுச்சு" என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே சுருக்கென்றது. மொலோபாலி திரும்பிப் பார்த்தான். சிரித்தான். சிரித்தபடியே அழுகை வந்தது, அழுது முடித்த பிறகு ஒரு கவளம் சோறு இறங்கியது. அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஸானின் மகள் தெனேன்தான் அந்த மரத்தடியில் ஓடி விளையாடி, தகரத் துண்டுகளைப் பொறுக்கி வளையல் செய்துகொண்டு, மொலோபாலியைக் கிழவா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

அந்தத் தெனேனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சம்மதத்துக்கு அடையாளமாக மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய கோலாக்கொட்டைகளை வாங்கிக்கொண்டாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஸான் வேப்பமரத்தடிக்கு வந்தான். அவனுடைய பழைய ஜெம்பே போன வெயிலில் அடிமுதல் பிளந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவன் யார் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டால், முழங்கால் வலி என்றான்.

"ஏண்டா காராமணி தின்னி, மேளம் வாங்க வந்தியா, அடுப்புக்கு விறகு வாங்க வந்தியா?" என்றான் மொலோபாலி.

"உன் கடையில ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு ஸான் கட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போனான்.

ஸான் கட்டை பார்க்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஒரு கட்டைக்குள் தலையை விட்டு மோந்தான். "இது பச்சை. உன் மாமியாராட்டம் இப்ப வாயை மூடிட்டு இருக்கும், காய்ஞ்சாத் திறக்கும். திறந்தா மூடாது" என்று தள்ளினான். இன்னொன்றைத் தூக்கி, கால் பக்கம் கண்ணை வைத்து வெயிலைப் பார்த்தான். மயிரிழைக் கீறல் இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அதையும் வைத்துவிட்டான். விளிம்பில் உள்ளங்கையை ஓடவிட்டான், முட்டியால் தட்டினான், காதை வைத்தான். கடைசியில், ஒதுக்குப்புறமாகக் கிடந்த ஒரு சிவப்புக் கட்டையைத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"அதுவா?" என்றான் மொலோபாலி. "அது நொண்டிடா. இடுப்பு கோணல். கொல்லன் தூக்கத்துல குடைஞ்சிருக்கான்."

"கோணினது இடுப்புதானே. குரல் கோணலையே."

"உன் குலத்துக்கு ஏத்த கட்டைதான். எடுத்துக்கோ."

தோலுக்கும் அதே பாடு. ஒவ்வொரு தோலாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கிடாத் தோலை விரலாலேயே தள்ளினான். "கிடாத் தோல் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி. சத்தம் பெரிசு, உள்ளே ஒண்ணும் இருக்காது." சின்னப் பெட்டை ஆட்டின் தோல் ஒன்று, முதுகுத்தண்டு வாக்கில் கறுப்புக் கோடு ஓடினது, அதைத்தான் எடுத்தான். கட்டையையும் தோலையும் மொலோபாலி முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. எழுந்திருக்கவில்லை.

"என்னடா, விலை சொல்றதுக்கு முந்தியே செத்துட்டியா?" என்றான் மொலோபாலி. எல்லோரும் சிரித்தார்கள். ஸானும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"தெனேன் கல்யாணத்துக்கு நானே அடிக்கப் போறேன்" என்றான்.

"பொண்ணைப் பெத்தவன் வெள்ளை அங்கி போட்டுக்கிட்டுப் பெரியவங்களோட உக்காரணும்டா. பந்தல்ல நின்னு மேளம் அடிக்கிறவன் அப்பனா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊர்ல இருக்கிறவன் பொண்ணையெல்லாம் ஆட வச்சேன். என் பொண்ணு ஆடும்போது வேற எவனோ அடிப்பான், நான் நாற்காலியில உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கணுமா? தெனேன் ஆடணும், நான் அடிக்கணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் இந்த மேளத்தை நீயே எடுத்து அடுப்புல வச்சுக்கோ."

இதில் கேலி இல்லை. மொலோபாலிக்கும் அது தெரிந்தது. "விலையை அப்புறம் பேசிக்கலாம், போடா" என்றான்.

விலை பேசவே வேண்டாம் என்று அந்த நிமிஷமே அவன் முடிவு செய்துவிட்டான். தெனேனுக்கு அவன் பரிசு இது. ஆனால் சும்மா கையில் தூக்கிக் கொடுத்தால் அவன் ஜாராவா? கல்யாணத்தன்று பெண்கள் வட்டமாக நின்று, மேளக்காரன் எங்கே என்று தேடும்போது, தான் ஜெம்பேயைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நிற்க வேண்டும். "இந்தக் கல்யாண வீட்டு அடிமை ஒருத்தன் தன் மேளத்தை மறந்துட்டு வந்துட்டான், யாரு அது?" என்று கேட்க வேண்டும். ஸான் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். தெனேன் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். நினைக்க நினைக்க அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கயிற்றை இழுக்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டான்.

தோலை ஊறவைத்தான். போர்த்தினான். காய்ந்த பிறகு பிளேடால் மயிரை வழித்தான். கோலைக் கொடுத்துக் கயிற்றை நெம்பி நெம்பி முடிச்சுப் போட்டான். அடித்தால் கிலுகிலுக்கும்படி, விளிம்பில் கம்பி கோத்த தகரக் காதுகளைச் செருகினான். வீட்டு முற்றத்தில் வைத்து முதல் தட்டுத் தட்டியபோது, உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த சனபா கையை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "யாருக்கு இது?" என்றாள். அவன் சொன்னான். அவள் கண் நிறைந்துவிட்டது. அரிசிச் சாக்கில் சுற்றி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தான்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பிற்பகல் ஸான் வந்தான்.

"ஜாரா, மேளம் ஆச்சா?"

"எந்த மேளம்?"

"கோணல் இடுப்பு."

"ஓ, அதுவா. நேத்து ஒரு வெள்ளைக்காரன் வந்தான், பார்த்தான், காசை விட்டெறிஞ்சான். இந்நேரம் அது ஏரோப்ளேன்ல ஜன்னலோர சீட்ல உக்காந்து போயிட்டிருக்கும்."

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸான் வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"இன்னைக்கு விளையாடாதே, மொலோ" என்றான்.

அவன் மொலோபாலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஜாரா, அடிமை, மூக்கன், இப்படித்தான். மொலோ என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நெஞ்சு சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில காட்டினேன். இதயம் ஊதிப்போச்சாம். கனமா எதையும் தூக்கக் கூடாதுங்கறார் டாக்டர். வீட்டுல யாருக்கும் சொல்லலை, கல்யாண வீடு. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆட்டத்துக்கு அடிச்சாப் போதும் எனக்கு. புதுத் தோல், கை பழகணும். ரெண்டு நாள் மடியில வச்சிருக்கேன். குடுத்துடு."

மொலோபாலி ஒரு கணம் அவனைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். வீடு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கொழுப்பு யாரை விட்டது?

"கேட்டீங்களாப்பா? போன தடவை சும்மா செத்தான். இந்தத் தடவை டாக்டரையும் சேத்துக்கிட்டுச் சாகறான். ஏண்டா, த்ராவொரேவுக்கு இதயமே கிடையாதே, எதைடா ஊதிப்போச்சுங்கறே?"

சிரிப்பில் மரத்தடியே அதிர்ந்தது. வேறொரு கடைக்காரனாக இருந்தால் ஸான் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். ஜாராவிடம் கோபம் வரக் கூடாது, பூட்டன் சத்தியம். அவன் புன்னகைத்தான்.

"வித்துட்டியா? சரி" என்றான். "சரி."

திரும்பி நடந்தான். தெருக்குழாய் வரைக்கும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பழைய இரும்புக்காரன் கடை வரைக்கும் போய் அங்கேயும் நின்றான். மொலோபாலி எழுந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை இல்லாத சுவரிலும் வைத்துக்கொண்டு, அவன் நடக்கிற மாதிரியே நடந்துகாட்டினான். தேநீர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நல்லவேளை, ஸான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் மொலோபாலி இன்று வரைக்கும் நம்புகிறான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சனபா சொன்னாள்: "அவர் குழாய்கிட்ட நின்னதை நான் பார்த்தேன். அது விளையாட்டு முகமில்லை. குடுத்துடுங்க."

"ஞாயித்துக்கிழமை பாரு நீ."

"எல்லாத்துக்கும் ஒரு நேரங்காலம் கிடையாதா உங்களுக்கு? மனுஷன் மேல்மூச்சு வாங்கறாரு."

"த்ராவொரே மூச்சு வாங்கினா நம்பிடறதா? விலை இன்னும் பேசலை, அதான் இப்பவே கூடுதலா நடிக்கிறான்."

சொன்னானே தவிர, சோறு சரியாக இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவன் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை வெளியே இழுத்தான். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தான். அப்போது ஞாயிற்றுக்கிழமைப் பந்தல் கண்முன்னால் வந்தது. இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் இரண்டு நாள்தானே என்று சாக்கைப் பழைய இடத்திலேயே தள்ளிவிட்டான். விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். விதியாவது ஒன்றாவது, ஒரு நல்ல சிரிப்பை இழக்க மனசு வரவில்லை அவனுக்கு.

சனிக்கிழமை காலையில் பாகரி மோட்டார் பைக்கில் வந்தான். பாகரி, ஸானோடு இரண்டாம் மேளம் அடிக்கிறவன்.

"ஜாராண்ணே, ஸான் போயிட்டாரு."

"எங்கே?"

"இறந்துட்டாருண்ணே. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினாங்க, எழுந்திரிக்கலை."

மொலோபாலி கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதைச் சொல்றதுக்கு உனக்கு எவ்வளவு குடுத்தான்? போய்ச் சொல்லு அவன்கிட்டே, இந்தத் தடவை செத்தவனுக்குப் பாதி விலையெல்லாம் கிடையாது. புதைச்சதைக் கண்ணால பார்த்தப்புறம்தான் குறைப்பேன்."

தேநீர்க்காரன் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். பாகரி பைக்கை நிறுத்திவிட்டு, குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெரு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் கெய்தா குலம். ஜாராவுக்கு முறைக்காரன் இல்லை. மொலோபாலியிடம் பொய் சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. அது மொலோபாலிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் இழுத்துப் பிடித்திருந்த கயிறு கையைவிட்டு ஓடிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஸான் வீட்டு வாசலில் பந்தல் ஏற்கெனவே போட்டிருந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் சாவுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, ஸானை முற்றத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். உள்வாசலில் பெண்கள். ஸானின் மனைவி வாஸா சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் தெனேன், கையில் கல்யாண மருதாணி கறுத்திருந்தது. அழுது முடித்து, அழுவதற்குத் தெம்பில்லாமல் இருவரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்றார்கள்.

மொலோபாலி ஜெம்பேயைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஏன் அதை எடுத்துக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வெறுங்கையோடு எப்படி வருவது என்பது மட்டும்தான் அவனுக்குத் தோன்றியிருந்தது. மரண வீட்டுக்கு மேளத்தோடு வேறு யார் வந்திருந்தாலும் அடித்துத் துரத்தியிருப்பார்கள். இவனைக் கண்டதும் நாற்காலிகளில் ஒரு அசைவு ஓடியது.

"வந்துட்டான்யா ஜாரா" என்றார் ஸானின் தமையன். அவர் குரலில் ஒரு நிம்மதி. "பாருங்க, செத்தவன்கிட்டயும் யாவாரம் பேச வந்துட்டான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மொலோபாலி ஜெம்பேயை இறக்கி ஸானின் தலைமாட்டில் வைத்தான். முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கேலி பேச வேண்டும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். வந்தது வேறு.

"இது இவன் எடுத்த கட்டை" என்றான். "வியாழக்கிழமை வந்து கேட்டான். என் வீட்டுல, கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. வித்துட்டேன்னு சொன்னேன். பொய் சொன்னேன்."

"ஜாரா பொய் சொன்னானாம், அதை அவன் வாயாலயே ஒத்துக்கறான்" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "எழுந்திருடா ஸான், இந்தக் காட்சி மறுபடி கிடைக்காது." முற்றம் சிரித்தது.

"நெஞ்சு வலின்னு சொன்னான். நான் நம்பலை. அவன் நடந்ததை நடந்து காட்டிச் சிரிச்சேன்." மொலோபாலிக்குக் கண்ணீர் தாரையாக வழிந்து மூக்கிலிருந்து சொட்டியது. "இவன் மாதிரி நல்லவன் இந்த ஊர்ல கிடையாது. பொய்யே பேசத் தெரியாதவன். என் பிள்ளை செத்தப்ப என்னைச் சாப்பிட வச்சவன் இவன். எனக்கு இவனை விட்டா யாரும் இல்லை."

பொய்யே தெரியாதவன் என்றதும் சிரிப்பு வெடித்துவிட்டது. ஒரு ஜாரா ஒரு த்ராவொரேவை நல்லவன் என்று புகழ்கிறான், அதுவும் அழுதுகொண்டு. இதைவிடப் பெரிய கேலி எவன் செய்திருக்கிறான்? "மூக்கைப் பாரு, மூக்கைப் பாரு, நிஜமாவே ஒழுகுது" என்று ஒருவன் தொடையில் தட்டினான். தமையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அழுதுகொண்டிருந்த பாகரிகூடச் சிரித்துவிட்டான்.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்று கதறினான் மொலோபாலி. அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது உள்வாசலிலிருந்து வாஸாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. அவளுக்குச் சிரிப்பில் வார்த்தை சிக்கியது.

"இன்னொண்ணு கேளு ஜாரா. இவரு அதை நம்பிட்டாரு. இத்தனை வருஷத்துல உன் பேச்சை நம்பாத மனுஷன், போயும் போயும் அதை நம்பிட்டாரு. வீட்டுக்கு வந்து, 'மேளம் வித்துப்போச்சு வாஸா, வேற ஆளை வச்சு அடிச்சுக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டு, சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டாரு. அடப் பைத்தியக்காரா, ஜாரா சொன்னா சிரிக்கணும்னு உனக்குத் தெரியாதான்னு நான்கூட ஏசினேன்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு புரண்டது. தெனேன் முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்தாள். மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. தோள் குலுங்க, கண்ணீர் கொட்ட, சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர்க் குவளையை அவளிடம் நீட்ட, வாங்கிக் குடித்தாள்.

மொலோபாலி அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தான். நான் விளையாடவில்லை அம்மா, நிஜமாகவே உன் அப்பாவை ஏமாற்றி அனுப்பினேன் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி அவளை நம்பவைத்துவிட்டால் அந்தக் குவளை கீழே போய்விடும். அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். பாயில் கிடந்தவன் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"ஏண்டா முட்டாள் அடிமை, ஒரு ஜாரா சொல்றதை எவனாவது நம்புவானாடா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. போதும் ஜாரா, தொழுகைக்கு நேரமாகிறது, வழி விடு என்று தமையன் அவன் தோளைத் தொட்டார். மொலோபாலி எழுந்திருக்கவில்லை. பதில் வரும் என்று காத்திருப்பவன் போல அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.